புழுங்கலரிசியும் பெரிபெரி நோயும்



பச்சரிசிச் சோறு வேண்டுமா, புழுங்கலரிசிச் சோறு வேண்டுமா என்று கேட்டால், நம் தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் பச்சரிசியைத்தான் சொல்வார்கள். அது வெள்ளை வெளேரென்று இருக்கும், மிருதுவாகவும் இருக்கும். புழுங்கலரிசியோ மங்கல் நிறம். உலையில் கொதிக்கும்போது ஒரு வாடையும் எழும். ஒரு நாள் வகுப்பில் ஒரு மாணவி, "பாட்டி மட்டும் ஏன் சார் இந்த அரிசியை விடமாட்டேங்கிறாங்க?" என்று கேட்டாள். பழக்கம் என்று சொல்லி, நாம் பாடத்துக்குத் திரும்பிவிட்டோம். அந்தக் கேள்விக்கு ஒரு பெரிய சரித்திரமே பதிலாக இருக்கிறது என்பது பிறகுதான் நமக்குத் தெரிய வந்தது. அதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில், நம்மவர் பேச்சில் சொன்னால் ஈய லம்பங்களில், ஒரு நோய் ஆட்களை வாரிக்கொண்டு போயிற்று. முதலில் கால் மரத்துப் போகும். பிறகு நடை தள்ளாடும். சிலருக்குக் கால் வீங்கும்; வீக்கம் மேலேறி, இதயம் தளர்ந்து, மூச்சுத் திணறி இறப்பார்கள். இதற்குப் பெரிபெரி என்று பெயர். 1900-இல் கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் தோன்றியபோது, மலேரியாவுடன் இந்த நோயும் அதன் முதல் வேலைகளில் ஒன்றாக இருந்தது.

அக்காலத்தில் எங்கும் கிருமி பற்றிய பேச்சாகவே இருந்தது. நிலையத்தின் முதல் இயக்குநரான ஹமில்டன் ரைட், கோலாலம்பூர் புடு சிறையில் கைதிகளை ஆராய்ந்து, பெரிபெரி ஒரு கிருமியால் வருகிறது, அது இடத்தைப் பற்றிக்கொண்டிருக்கிறது என்றார். நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் என்பவருக்கு அது சரியாகப் படவில்லை. அவர் கவனித்தது மிக எளிய விஷயம். ஒரே நாடு, ஒரே மழை, ஒரே வெயில். ஆனால் நோய் எல்லாரையும் ஒரே மாதிரி தொடவில்லை. சீனச் சுரங்கத் தொழிலாளிகள் கூட்டங்கூட்டமாக விழுந்தார்கள். கம்பத்து மலாய்க்காரர்களுக்கு அவ்வளவாக வரவில்லை. தோட்டத்துத் தமிழர்களுக்கோ மிக அரிது.

பிராடன் மூவருடைய சோற்றையும் பார்த்தார். சீனத் தொழிலாளி உண்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய வெள்ளையரிசி. கம்பத்து மலாய்க்காரர் தாம் விளைத்த நெல்லை வேண்டும்போது உரலில் குத்தி உண்டார். அதில் தவிடு கொஞ்சம் ஒட்டியிருக்கும். நம் முன்னோர் உண்டது பர்மாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த புழுங்கலரிசி. நோய் இடத்தில் இல்லை, அரிசியில் இருக்கிறது என்று முடிவு செய்து, 1907-இல் அவர் ஒரு புத்தகமே எழுதினார். ஆனால் பழைய வெள்ளையரிசியில் ஏதோ நஞ்சு சேருகிறது என்று அவர் எண்ணியது தவறாகப் போயிற்று. சரியான இடத்தைத் தோண்டியும் வேறு பொருளைத் தேடியவர் என்று அவரைச் சொல்லலாம்.

பலர் இதை நம்பவில்லை. நம்பாதவர்களில் ஒருவர் டாக்டர் வில்லியம் பிளெட்சர். 1905-ஆம் ஆண்டின் கடைசியில், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் அவர் ஒரு சோதனை தொடங்கினார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண் கொடுத்தார். ஒற்றைப்படை எண்காரர்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை எண்காரர்கள் மறுபக்கம். ஒரு பிரிவுக்குச் சயாம் வெள்ளையரிசி, மற்றதற்கு இந்தியப் புழுங்கலரிசி. மற்ற உணவெல்லாம் ஒன்றே. இடத்தில்தான் கிருமி என்று சொல்வார்களே என்று, பாதியில் இரு பிரிவினரையும் இருப்பிடம் மாற்றியும் வைத்தார். ஓராண்டுக்குப் பின் கணக்குப் பார்த்தபோது, வெள்ளையரிசி உண்ட 120 பேரில் நான்கில் ஒரு பங்குக்கும் மேலானவர்களுக்குப் பெரிபெரி கண்டிருந்தது. 18 பேர் இறந்திருந்தார்கள். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் ஒருவர்கூட இந்த நோயால் இறக்கவில்லை. நம்பாமல் தொடங்கியவர், தாம் எதிர்பார்த்ததற்கு மாறாக வந்த முடிவை மறைக்காமல் எழுதினார். அதற்காக அவரை மதிக்கிறோம்.

ஆனால் அந்த 18 பேரை நினைக்காமல் இந்த இடத்தைக் கடந்து போக நமக்கு மனம் வரவில்லை. இந்த அரிசியை உண்ணச் சம்மதமா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் பதில் சொல்லும் நிலையில் பலர் இருந்திருக்க மாட்டார்கள். சுகாதார நூல்கள் மருத்துவரின் பெயரைச் சொல்கின்றன. ஒற்றை, இரட்டை என்று எண்ணப்பட்டவர்களின் பெயர் எதிலும் இல்லை.

மருத்துவமனையில் நடந்தது வெளியிலும் நடக்குமா என்று அடுத்துப் பார்த்தவர்கள் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும். ஜெலுபு வட்டாரத்தில் டுரியான் திப்புஸ் என்ற இடத்தில் காட்டை ஊடுருவிச் சாலை போட்டுக்கொண்டிருந்த 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு கூட்டமாகப் பிரித்தார்கள். அது புதுக் காடு. பழைய கட்டடம், பழைய கிருமி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏறக்குறைய மூன்று மாதத்தில் வெள்ளையரிசிக் கூட்டத்தில் நோய் தலைகாட்டியது. அரிசியை மாற்றிக் கொடுத்தார்கள். அங்கே நோய் நின்றது. புதிதாக வெள்ளையரிசிக்கு மாறிய கூட்டத்தில் தோன்றியது. 1909-இல் இந்த அறிக்கை வெளிவந்தது. நஞ்சு ஒன்றும் இல்லை, ஆலையில் தீட்டும்போது அரிசியை விட்டு ஏதோ ஒன்று போய்விடுகிறது, போனது தவிட்டில் இருக்கிறது என்று கோழிகளைக் கொண்டும் காட்டினார்கள். பத்தாவியாவில் டச்சு மருத்துவர் எய்க்மான் 1890-களிலேயே கோழிகளிடம் இதைக் கண்டிருந்தார். அதற்கான நோபல் பரிசு அவருக்கு 1929-இல்தான் கிடைத்தது.

தவிட்டில் இருந்த அந்தப் பொருளுக்குப் பின்னாளில் தயாமின் என்று பெயர் வந்தது. வைட்டமின் பி1 என்பதும் அதுவே. 1926-இல் பத்தாவியாவில் இரண்டு விஞ்ஞானிகள் தவிட்டிலிருந்து அதைத் தனியே பிரித்தெடுத்தார்கள். நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள அந்தச் சத்து மணிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் எவ்வளவு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. நெல் அவிக்கும் நம் பெண்கள் செய்துவந்த வேலையின் பலன் இது.

1910 மார்ச் மாதம் கிழக்காசிய நாடுகளின் மருத்துவர்கள் மணிலாவில் கூடி விவாதித்தார்கள். தீட்டிய வெள்ளையரிசியையே எப்போதும் முக்கிய உணவாகக் கொள்வதோடு பெரிபெரி தொடர்புடையது, இதை அந்தந்த அரசாங்கங்கள் கவனிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். கூட்டங்களில் தீர்மானம் போடுவது எளிது. சிறை, மருத்துவமனை போன்ற அரசாங்க இடங்களில் அரிசியை மாற்றினார்கள். அங்கே நோய் குறைந்தது. கடையில் அரிசி வாங்கும் ஏழையின் சட்டிக்கு அந்தத் தீர்மானம் அவ்வளவு விரைவில் போய்ச் சேரவில்லை. வெள்ளையரிசிதான் கௌரவம் என்ற எண்ணமும் குறுக்கே நின்றது.

தமிழர்கள் தப்பினார்கள் என்றதும் அக்காலத் தோட்டங்களில் எல்லாரும் சுகமாக வாழ்ந்ததாக எண்ணிவிடக் கூடாது. பெரிபெரி விட்டவர்களை மலேரியா பிடித்துக்கொண்டது. அது தனிக் கதை. புழுங்கலரிசி வந்ததும் நிர்வாகத்தின் பரிவால் அன்று. அந்தச் சோறு இல்லாமல் நம் ஆட்கள் வேலைக்கு நிற்கமாட்டார்கள், அதனால் வந்தது.

அந்த அரிசி நின்றபோது என்ன ஆனது என்பதை 1942 காட்டிற்று. ஜப்பானியர் ஆட்சியில் பர்மா அரிசி வரவில்லை. மரவள்ளிக் கிழங்கே சோறானது. சயாம் மரண ரயில் பாதைக்குப் பல்லாயிரக்கணக்கில் தோட்டத் தமிழர்கள் கொண்டு போகப்பட்டார்கள். அங்கே சத்தில்லாத அரிசியும் நீர்த்த குழம்பும் உண்டு வேலை செய்தவர்கள், மலேரியா, வாந்திபேதி, வயிற்றுக்கடுப்பு ஆகியவற்றோடு பெரிபெரியாலும் மாண்டார்கள். கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும் என்று, திரும்பி வந்த பெரியவர்கள் லயத்து வாசலில் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். அவர்கள் அதற்குப் பெயர் சொல்லவில்லை; வீக்கம் என்றே சொன்னார்கள். மருந்து இன்னதென்று தெரிந்து அப்போது முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. மருந்து தவிடு.

சமையலறைக்குப் பயன்படும் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். இந்தச் சத்து தண்ணீரில் கரையக்கூடியது. அரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவினால் கழுநீரோடு போகும். வடித்தால் கஞ்சியோடு போகும். லயத்தில் மாடு வைத்திருந்த வீடுகளில் கழுநீர் தொட்டிக்குத்தான் போயிற்று, நம்மைவிட மாடு கெட்டிக்காரத்தனமாகச் சாப்பிட்டது. வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்த பெரியவர்கள் ஒரு பங்கைத் திரும்பப் பெற்றார்கள்.

இதையெல்லாம் படித்து முடித்த பின், அந்த மாணவியை அழைத்துச் சுருக்கமாகச் சொன்னோம். கேட்டுவிட்டு, "அப்படின்னா பாட்டிக்கு இதெல்லாம் தெரியுமா சார்?" என்றாள். தெரியாது என்றோம். பாட்டிக்கு அது ஊர்ச் சோறு, அவ்வளவுதான்.