நெருப்புச் சுவரா, அரணா?

கணினிப் பாடநூல் ஒன்றில் ஃபயர்வாலை ‘நெருப்புச் சுவர்’ என்று எழுதியிருந்தார்கள். படித்ததும் எரியும் மதில்தான் என் கண்முன் வந்தது. பொருளோ நேர்மாறானது. ஒரு வீட்டில் பற்றிய தீ அடுத்த வீட்டுக்குத் தாவாமல் நடுவே எழுப்பும் சுவருக்கே முதலில் அந்தப் பெயர். பிறகு காரில் எஞ்சினுக்கும் ஆட்களுக்கும் இடையிலுள்ள தகட்டுக்கு ஆனது. 1980களின் இறுதியில் கணினி வலையமைப்புக்கு வந்தபோது பொருள் இன்னும் நகர்ந்தது: பழைய சுவர் எதையும் விடாது; இதுவோ விதியைப் பார்த்து, 443ஆம் போர்ட்டுக்கு வரும் இணையப் போக்குவரத்தை விட்டு, 23ஆம் போர்ட்டைத் தட்டும் டெல்நெட்டை மறிக்கும். வாசலும் காவலும் உள்ள ஒன்று. அதனால் எனக்கு ‘அரண்’ பிடிக்கிறது. திருக்குறளில் தனி அதிகாரமே பெற்ற சொல், அரண்மனைக்குள்ளும் இருக்கிறது. சிலர் ‘தீயரண்’ என்கிறார்கள். தீ இல்லாத இடத்தில் அந்த முன்சொல் வேண்டியதில்லை; ‘வலையரண்’ என்றே எழுதுகிறேன்.