ஆயா படிக்காத படிப்பு

எஸ்.பி.எம். ரிசல்ட் வந்த அன்று சிம்பாங் பூலாயில் இருக்கும் என் சித்தி மகள் கேட்டாள்: “சின்னப் புள்ளைங்க வார்டுல மிஸ்ஸி ஆகணும்னா எங்கண்ணே சேரணும்?”

நேராக அப்படி ஒரு வழி இங்கே இல்லை. முதலில் மூன்று வருடத் தாதிமை டிப்ளோமா, வாரியத் தேர்வு, பதிவு. வார்டில் வேலை பார்த்த பிறகுதான் குழந்தை மருத்துவத்தில் போஸ்ட் பேசிக். சொல்லி முடித்தபோது பாட்டியின் நினைவு வந்தது.

பாட்டி ஐம்பதுகளில் தோட்டத்து ஆயா. இடுப்பு விட்டுப்போய் மரம் வெட்ட முடியாமல் ஆனதும், கிராணி அவரை ஆயாக் கொட்டகைக்கு மாற்றினார். தகுதி அவ்வளவுதான். விடியும் முன் பிரட்டுக்குப் போகிற தாய்மார்கள் தூங்கும் பிள்ளைகளைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். வரிசையாக ஏணைகள். அடுப்பில் வெந்நீர், பக்கத்தில் டின் பால். நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தே டிரஸ்ஸருக்கு ஆள் அனுப்புவாராம். அவருக்கு அதிகாரம் கிடையாது, கை மட்டும் உண்டு.

பிரிட்டனிலோ 1919-ஆம் ஆண்டுத் தாதியர் பதிவுச் சட்டத்திலேயே நோயுற்ற குழந்தைகளைப் பார்க்கும் தாதியருக்குத் தனிப் பதிவேடு உண்டு. மலாயாவுக்குத் தாதியர் சட்டம் வந்தது 1950-ல். வந்தும் பாட்டிக்கு என்ன? தோட்டப் பள்ளி தமிழில் முடிந்துபோனது. தாதிப் பயிற்சி ஆங்கிலத்தில் தொடங்கியது. நடுவில் பாலம் இல்லை. 1957-ல் தீபகற்பத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 75 ஒரு வயதைத் தாண்டவில்லை.

அந்த டின் பாலுக்கும் ஒரு கதை உண்டு. கானாவில் குவாஷியோர்க்கர் நோயை அடையாளம் காட்டிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், பிறகு மலாயாவுக்கு மாற்றலாகி வந்தார். 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசினார். தலைப்பு: ‘பாலும் கொலையும்’. தாய்ப்பாலுக்குப் பதில் இனிப்பு டின் பாலைக் குடித்துச் சாகும் குழந்தைகளைப் பற்றிய பேச்சு. தாதி உடுப்புப் போட்ட பெண்களை வீடு வீடாக அனுப்பி அதை விற்ற காலம் அது. பயிற்சிக்கு முன்னால் உடுப்பு வந்து சேர்ந்துவிட்டது!

இதைத் தங்கச்சியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“பாட்டிக்கு அது தெரியுமாண்ணே?”

தெரியாது. தெரிந்திருந்தாலும், வெட்டு முடிந்து அம்மாக்கள் திரும்ப மத்தியானம் ஆகும். பிள்ளைகள் அதற்கு முன்பே அழ ஆரம்பித்துவிடும்.