ராத்திரி ரத்தம்

பசியாவரத்துக்குப் படகில்தான் போக வேண்டும் என்றிருந்த காலம். சுகாதாரத் துறையில் இருந்த நான், யானைக்கால் நோய்க்கான ரத்தப் பரிசோதனைக்கு ஒரு நாள் இரவு அங்கே போனேன். ஒரு பாட்டி விளக்கைத் தூக்கிப் பிடித்து, "பகல்ல வராம ராத்திரியில வந்து நிக்கிறியேப்பா? ஆம்பளைங்கள்லாம் வலைக்குப் போயிட்டாங்களே" என்றார்.

நியாயமான கேள்விதான். யானைக்கால் புழுவின் குஞ்சுகள் பகலில் நுரையீரல் ரத்தக் குழாய்களில் ஒதுங்கிக்கொள்ளும். இரவில்தான் விரல் நுனி ரத்தத்தில் அகப்படும். சாக்கடைக் கொசு கடிப்பதும் அந்த நேரத்தில்தான். 1872-இல் கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் மனித ரத்தத்தில் இந்தக் குஞ்சுகளைப் பார்த்தார். 1877-இல் சீனாவின் அமோய் நகரில் பேட்ரிக் மேன்சன், அவை கொசுவின் உடலுக்குள் வளர்வதைக் கண்டார்.

மருந்து வர மேலும் 70 ஆண்டுகள் ஆயின. அதில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகடா சுப்பாராவ் தலைமையில், லெடர்லி ஆய்வகம் 1947-இல் டி.இ.சி. மருந்தைக் கொண்டுவந்தது. மறு ஆண்டே அவர் காலமானார்.

ஆப்பிரிக்காவில் இதே குடும்பத்துப் புழு ஒன்று கண்ணைப் பறிக்கிறது. ஓடும் ஆற்றில் பெருகும் கருப்பு ஈ பரப்புவதால் அதற்கு ஆற்றுக் குருடு என்று பெயர். அந்த நோயாளிக்கு டி.இ.சி. கொடுத்தால், புழுக்கள் சாகும்போது கண்ணே கெடலாம். அங்கே கைகொடுத்தது ஐவர்மெக்டின். 1987 முதல் மெர்க் நிறுவனம் அதை இலவசமாகத் தருகிறது. அதைக் கண்டறிந்த கேம்பெல், ஒமுரா இருவருக்கும் 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் நாட்டில் 2004 முதல் நோயுள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கு ஒருமுறை எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தார்கள். கர்ப்பிணிகள், 2 வயதுக்குட்பட்ட குழந்தைகள், கடும் நோயாளிகளுக்கு மட்டும் விலக்கு. "எனக்குத்தான் ஒண்ணுமில்லையே, எதுக்கு மாத்திரை?" என்று வாங்கி வைத்துவிட்டு, பிறகு தூக்கி எறிந்தவர்கள் ஏராளம். கால் வீங்காதவர் ரத்தத்திலும் குஞ்சுகள் இருக்கும். அவரைக் கடித்த கொசு அடுத்த வீட்டுக் குழந்தைக்கு அதைக் கொண்டுபோகும்.

முற்றிய வீக்கத்தை மாத்திரை கரைக்காது. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, புண் வராமல் காலைக் காப்பதே வழி. அன்று பாட்டி பேசாமல் விரலை நீட்டினார். புடவைக்குள் மறைத்திருந்த வலது காலை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். அந்தக் காலுக்கு என்னிடம் மருந்து இல்லை. பக்கத்தில் படுத்திருந்த பேரனின் விரலிலும் ஒரு சொட்டு எடுத்துக்கொண்டு படகேறினேன்.