பேராக்கிற்காகக் குரல் கொடுத்த பிரபு

பங்கோர் உடன்படிக்கை 1874-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 20-ஆம் நாள் கையெழுத்தாயிற்று என்பதை நம் மாணவர் அறிவர். அதே ஆண்டில், மலாய் நாடுகளில் பிரிட்டிஷ் அதிகாரிகள் நடந்துகொள்ளும் முறை பற்றி இலண்டன் பிரபுக்கள் சபையில் ஒருவர் எழுந்து வினவினார் என்பதை அறிந்தோர் சிலரே. அவர்தாம் ஆல்டர்லி ஸ்டான்லி பிரபு.

ஹென்றி ஸ்டான்லி 1827-இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் பயின்றபின் 1847-இல் வெளிநாட்டு இலாகாவில் சேர்ந்தார். தந்தையார் அவ்விலாகாவிலேயே துணை மந்திரியாக இருந்தமையால் உத்தியோகம் கிடைத்ததில் வியப்பில்லை. ஆனால் அரபு மொழியை அவர் தம் ஆர்வத்தாலேயே கற்றார். கான்ஸ்டாண்டிநோபிளிலும் ஏதென்ஸிலும் தூதரகப் பணியாற்றியவர், 1859-இல் பதவியை உதறிவிட்டுக் கீழ்த்திசை நாடுகளைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார். அவர் இசுலாத்தைத் தழுவிவிட்டார் என்ற செய்தி எட்டியதும் குடும்பத்தார் கலங்கினர்.

அவர் கலங்கவில்லை. ஊர் திரும்பி நூற்பணியில் இறங்கினார். துவார்த்தே பர்போசா மலபார்க் கரையைப் பற்றி எழுதியதை 1866-இலும், மோர்கா பிலிப்பைன் தீவுகளைப் பற்றி எழுதியதை 1868-இலும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஐரோப்பியர் முதன்முதலில் ஆசியாவுக்கு வந்து செய்தவற்றை மூலநூல்களிலேயே படித்தவர், தம் காலத்து அதிகாரிகளின் அறிக்கைகளை அப்படியே நம்புவாரா?

1869-இல் தந்தையார் மறைந்தார். பட்டத்தோடு சபையில் இடமும் வந்தது. அச்சபையில் அமர்ந்த முதல் முஸ்லிம் அவரே. வாக்காளர் தயவை நாட வேண்டாத அவ்விடத்தை அவர் கேள்வி கேட்கப் பயன்படுத்தினார். பரம்பரைச் சபைக்கு இப்படியும் ஒரு பயன் இருந்தது போலும்! 1874-இல் அவர் எழுப்பிய விவாதத்தில் காலனி மந்திரி கார்னார்வன் பிரபு அரசாங்கத்தின் செயலை ஆதரித்துப் பேசினார்.

மறு ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் பேராக் ரெசிடெண்டு பர்ச் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். இந்தியாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் படைகள் வந்திறங்கின. இங்கிலாந்தில் சினம் மூண்டிருந்த அவ்வேளையில் மலாய்க்காரர் பக்கத்து நியாயத்தைப் பேசுவது எளிதன்று. ஆயினும் 1876-இல் ஸ்டான்லி பேராக் விவகாரத்தை மீண்டும் சபைக்குக் கொண்டுவந்தார். அதனால் கொள்கை மாறிவிடவில்லை. ரெசிடெண்டு ஆட்சிமுறை நிலைத்தது. சுல்தான் அப்துல்லா 1877-இல் செய்செல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டார்.

ஸ்டான்லி 1903 டிசம்பரில், ரமலான் மாதத்தில் காலமானார். ஆல்டர்லியில் தம் பண்ணையிலேயே இசுலாமிய முறைப்படி அடக்கம் செய்யப்பட்டார்.