தோற்றவன் கொடுத்த பட்டம்

2009 ஜனவரி. புத்தாண்டு விடுமுறையில் ஜப்பான் வீடுகள் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பார்ப்பது பள்ளிகளுக்கான தேசியக் கால்பந்துப் போட்டியை. அந்த முறை காகோஷிமா ஜோசெய் பள்ளியின் முன்கள வீரன் யூயா ஓசாகோ கோலாக அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தான். காலிறுதியில் அவனுக்கு எதிரே கோபே நகரின் தகிகாவா டைனி பள்ளி. லேசுப்பட்ட அணியல்ல, ஜப்பானுக்காக 50 கோல் அடித்த ஷின்ஜி ஒகாசாகி அங்கே படித்தவர்தான். ஆனால் ஆட்டம் முடிந்தபோது கணக்கு 6-2. கோபே பையன்கள் தலைகுனிந்து உடைமாற்றும் அறைக்குள் போனார்கள். பின்னாலேயே ஒரு கேமராவும் போனது.

தோற்ற அணியின் கடைசி நிமிடங்களைப் படம்பிடிப்பது அந்தப் போட்டியின் வழக்கம். அழுகையும் ஆறுதலும் பழகிய காட்சிகள். தோற்ற அணியின் கேப்டனும் அழுதான். ஆனால் அழுதபடியே அவன் புலம்பியது எதிராளியைப் பற்றி! “ஓசாகோ ஹன்பா நைத்தே!” அதாவது, ‘ஓசாகோ சாதாரண ஆளே இல்லப்பா!’ கோல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டே பந்தை அடக்குகிறானாம். ‘அதெல்லாம் யாராலயாவது முடியுமா? முடியும்னா முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா!’ துக்கம் விசாரிக்க வேண்டிய அறையில் சிரிப்பு வெடித்தது. இப்படித் தோற்கவும் ஒரு மனசு வேண்டும். ஓசாகோ அந்தத் தொடரில் 10 கோல் அடித்துச் சாதனை படைத்தான். ஆனால் இறுதி ஆட்டத்தில் அவன் அணி ஹிரோஷிமா மினாமியிடம் 3-2 என்று தோற்றது. கோப்பை கை நழுவியது. புலம்பல் மட்டும் இணையத்தில் தங்கிவிட்டது.

ஓசாகோ காஷிமா ஆன்ட்லர்ஸ் அணியில் சேர்ந்தார், பிறகு ஜெர்மனிக்குப் போனார். அவர் பெயர் அடிபட்ட இடமெல்லாம் அந்த வீடியோவும் தலைகாட்டியது. புகழ்மொழிக்கு ஒரு சங்கடம் உண்டு: புகழப்பட்டவர் சறுக்கினால் அதுவே கேலியாகும். 2014 உலகக் கோப்பையில் ஓசாகோ ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஜப்பான் முதல் சுற்றோடு மூட்டை கட்டியது. பள்ளிக்கூடத்துப் பட்டம் அத்தோடு மங்கிப்போக வேண்டியதுதான்.

அடுத்த உலகக் கோப்பை. 2018 ஜூன் 19, ரஷ்யாவின் சரான்ஸ்க். கொலம்பியாவுடன் 1-1. 73-வது நிமிடம், கெய்சுகே ஹோண்டா அடித்த கார்னர் உயர்ந்து வந்தது. தடுப்பாட்டக்காரரை மீறி எழும்பிய ஓசாகோ தலையால் முட்ட, பந்து கம்பத்தில் உரசி உள்ளே போனது. 2-1. உலகக் கோப்பையில் தென் அமெரிக்க அணியை ஓர் ஆசிய அணி வென்றது அதுவே முதல்முறை. 85-வது நிமிடத்தில் ஓசாகோவுக்குப் பதிலாக இறங்கியவர் யார் தெரியுமோ? தகிகாவா டைனியின் ஒகாசாகி!

அதற்குள் ஜப்பான் இணையம் ஒரே வாசகத்தால் நிரம்பியிருந்தது. ரசிகர்களின் டி-ஷர்ட்டில் அதே வாசகம். கூடவே ஒரு முகம். கோல் அடித்தவர் முகம் அல்ல, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அழுத கேப்டனின் முகம். அந்த ஆண்டின் புகழ்பெற்ற சொற்களுக்கான விருதில் முதல் பத்துக்குள் ‘ஹன்பா நைத்தே’ இடம்பிடித்தது.

2021-இல் ஓசாகோ நாடு திரும்பி, விஸ்ஸல் கோபே அணியில் சேர்ந்தார். அழுத கேப்டனின் பள்ளி இருக்கும் அதே கோபே. 2023-இல் அவர் அடித்தது 22 கோல். ஜப்பானின் ஜே-லீக்கில் சிறந்த வீரரும் அவரே. கோபேக்கு முதல் ஜே-லீக் பட்டமும் அந்த ஆண்டுதான் கிடைத்தது.