பல்செயலிக் கணினி

பல்செயலிக் கணினி என்பது ஒரே தாய்ப்பலகையில் ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகள் பொருத்தப்பட்ட கணினியாகும். வழங்கிகளிலும் பணிநிலையங்களிலும் இவ்வமைப்பு பயன்படுகின்றது.

உறுப்புகளைத் தெரிவு செய்கையில், செயலியின் வேகத்துக்கு முன்னர் அது பிற செயலிகளுடன் இணைந்து இயங்கவல்லதா என்பதை அறிதல் வேண்டும். 2003 இல் வெளியான ஏஎம்டி ஆப்டெரானில் மாதிரி எண்ணின் முதல் இலக்கமே இதனைக் காட்டியது. 100 வரிசை தனித்தும், 200 வரிசை இரண்டாகவும், 800 வரிசை எட்டு வரையும் இயங்கின. இன்டெலின் செலரான் தனிச்செயலியாகவே விற்கப்பட்டது. எனினும் 1999 இல் வந்த ஏபிட் பிபி6 தாய்ப்பலகையில் இரண்டு செலரான்கள் எவ்வித மாற்றமுமின்றி இணைந்து இயங்கின. பிந்திய செலரான்களில் இவ்வழி அடைக்கப்பட்டது.

நினைவகத்திலேயே பலரும் ஏமாறுவதுண்டு. ஆப்டெரானில் நினைவகக் கட்டுப்படுத்தி செயலியினுள்ளேயே அமைந்திருந்ததால், ஒவ்வொரு செயலிக்கும் தனி நினைவகம் இருத்தல் நன்று. மலிவான சில பலகைகளில் எல்லா நினைவகச் செருகுவாய்களும் முதற் செயலியுடனேயே இணைக்கப்பட்டிருந்தன. இரண்டாவது செயலி தனக்கு வேண்டிய தரவு ஒவ்வொன்றையும் முதற் செயலியின் வழியாகவே பெறவேண்டியிருந்தது. பலகையின் கட்ட வரைபடத்தைப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். மாறாக, தனித்தனிச் செருகுவாய்கள் கொண்ட பலகையில் இரண்டாவது செயலியைப் பொருத்தாவிடில் அதற்குரிய நினைவகம் பயன்படாது. வழங்கிகளுக்குப் பிழைதிருத்தும் நினைவகமே ஏற்றது; அது ஒரு பிட் பிழையைத் தானே திருத்தும்.

இத்தகைய பலகைகள் பல 12 × 13 அங்குல அளவின. சாதாரணப் பெட்டிகளில் அடங்கா. மின்வழங்கியில் செயலிக்கான 8 முனை இணைப்பியும் தேவை.

இயங்குதளமும் கருதத்தக்கது. விண்டோஸ் எக்ஸ்பி வீட்டுப் பதிப்பு ஒரு செயலியையும், புரொபஷனல் பதிப்பு இரண்டையும் மட்டுமே பயன்படுத்தின.