தலையில்லாதவனும் இருபத்து மூன்று பேரும்

ஒரு பேய்க்கு விலாசம் உண்டு என்று நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் அமெரிக்காவில் அப்படி ஒரு பேய் இருக்கத்தான் செய்கிறது. நியூயார்க் நகரத்திலிருந்து வடக்கே சுமார் ஒரு மணி நேர ரயில் தூரம். ஹட்ஸன் நதியின் கிழக்குக் கரை. ஸ்லீப்பி ஹாலோ என்ற சிற்றூர். தூங்குமூஞ்சிப் பள்ளம் என்று பெயரைத் தமிழாக்கலாம். அந்தப் பேய்க்குத் தலை கிடையாது. குதிரை மட்டும் உண்டு. இராத்திரியில் தன் தலையைத் தேடிக்கொண்டு சவாரி செய்வது அதன் உத்தியோகம்.

அக்டோபர் மாதம் வந்தால் அந்த நதிப் பள்ளத்தாக்கு முழுவதும் இந்தப் பேயின் ராஜ்யம்தான். மேப்பிள் மரங்களின் இலைகள் சிவந்து உதிரும் காலம் அது. ஊர் ஊராக ஜனங்கள் திரண்டு வருவார்கள். பக்கத்தில் கிரோட்டன் என்னும் ஊரில் வான் கோர்ட்லண்ட் குடும்பத்தின் பழைய மாளிகை ஒன்று இருக்கிறது. அதன் தோட்டத்தில் 2005ஆம் வருஷம் முதல் ஒரு தீப விழா நடந்து வருகிறது. கையால் செதுக்கிய 7,000க்கு மேற்பட்ட பூசணிக்காய் விளக்குகளை அங்கே ஏற்றி வைக்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் கட்டிய சிறிய கல் தேவாலயத்தில் தலையில்லாதவனின் கதையைச் சொல்கிறார்கள். பிலிப்ஸ்பர்க் மேனர் என்ற பழைய பண்ணையில் 2010 முதல் சில வருஷங்கள் இன்னும் துணிச்சலான ஒரு ஏற்பாடு இருந்தது. பேய் வேஷம் போட்ட நடிகர்கள் இருட்டில் பதுங்கியிருந்து திடீரென்று பாய்ந்து வந்து, காசு கொடுத்து வந்தவர்களைப் பயமுறுத்தினார்கள்.

இந்த விழாவுக்கு ஹாலோவீன் என்று பெயர். நவம்பர் முதல் தேதி கிறிஸ்தவர்களுக்குச் சகல அர்ச்சிஷ்டர்களின் திருநாள். அதற்கு முந்தின இரவு இது. இதன் வேர் அயர்லாந்தில் இருக்கிறது. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாளில் மாண்டவர்கள் உலாவ வருவார்கள் என்பது அங்கே பழைய நம்பிக்கை. டர்னிப் கிழங்கைக் குடைந்து உள்ளே விளக்கு வைப்பது அவர்கள் வழக்கம். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் லட்சக்கணக்கான ஐரிஷ்காரர்கள் கப்பலேறி அமெரிக்காவுக்கு ஓடினார்கள். விளக்கும் அவர்களோடு போயிற்று. போன இடத்தில் கிழங்கைவிடப் பூசணிக்காய் பெரியதாகவும், குடைவதற்குச் சுலபமாகவும் இருந்தது. அவ்வளவுதான்! பஞ்சத்தில் வந்தவர்களின் பண்டிகை ஒரு தேசத்தின் பண்டிகையாயிற்று.

ஆனால் தலையில்லாதவனின் கதையில் ஹாலோவீன் என்ற சொல்லே கிடையாது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். கல்லூரியில் இருந்த இரண்டு வருஷத்தில் நான் படித்த இங்கிலீஷ் புத்தகங்களில் என் மனத்தில் நின்றவை கொஞ்சம். அவற்றில் இந்தக் கதையும் ஒன்று. இதை எழுதியவர் வாஷிங்டன் இர்விங். 1783இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1798இல் நகரத்தில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது, பையனாக இருந்த அவரை இந்த நதிக்கரைப் பக்கம் அனுப்பி வைத்தார்கள். அப்போது கேட்ட கதைகளும் பார்த்த பள்ளத்தாக்கும் மனத்தில் தங்கிவிட்டன. இருபது வருஷத்துக்குப் பிறகு அவர் இங்கிலாந்தில் இருந்தார். 1818இல் குடும்பத்தின் வியாபாரம் திவாலாகிவிட்டது. இனி எழுதித்தான் பிழைக்க வேண்டும் என்ற நிலை. அந்த நிலையில், கடலுக்கு அப்பால் உட்கார்ந்து, 1820இல் வெளியான இந்தக் கதையை எழுதினார். கஷ்டத்தில் எழுதுகிறவர்களுக்குச் சொந்த ஊர் வந்து கை கொடுப்பது எல்லாத் தேசத்திலும் உண்டு போலும்.

கதை சின்னது. இக்காபாட் கிரேன் ஓர் ஏழைப் பள்ளி உபாத்தியாயர். நெட்டையர், சாப்பாட்டுப் பிரியர், பேய்க் கதைகளில் அபார நம்பிக்கை உள்ளவர். பணக்கார விவசாயி ஒருவரின் பெண் கத்ரீனாமேல் அவருக்கு ஆசை. அவள்மேலா, அவள் தகப்பனாரின் களஞ்சியத்தின்மேலா என்று கேட்டால் சொல்வது கடினம். பிராம் போன்ஸ் என்ற முரட்டு வாலிபனுக்கும் அவள்மேல் கண். ஒரு நாள் விருந்து முடிந்து உபாத்தியாயர் தனியாகத் திரும்பும்போது தலையில்லாத குதிரைக்காரன் துரத்துகிறான். சேணத்தின்மேல் வைத்திருந்த தலையை எடுத்து வீசி எறிகிறான். மறுநாள் உபாத்தியாயரைக் காணோம். அவருடைய தொப்பி கிடக்கிறது; பக்கத்திலே உடைந்து சிதறின ஒரு பூசணிக்காய். பிற்பாடு பூசணிக்காய்ப் பேச்சு வரும்போதெல்லாம் பிராம் போன்ஸ் விழுந்து விழுந்து சிரித்தானாம். பேய் யார் என்று ஆசிரியர் சொல்லவில்லை; சொல்லவும் வேண்டியதில்லை. கண்ணும் வாயும் செதுக்கி உள்ளே நெருப்பு எரியும் பூசணிக்காயை அந்தப் பேயின் கையில் கொடுத்தவர்கள் பின்னால் வந்தவர்களே. 1949இல் வந்த டிஸ்னி படத்தில் அந்த நெருப்புத் தலையைக் காணலாம்.

இர்விங்கின் பேய் வெறும் காற்றிலிருந்து வந்ததல்ல. சுதந்திரப் போரில் பீரங்கிக் குண்டு பட்டுத் தலை போன ஒரு ஹெஸ்ஸியச் சிப்பாயின் ஆவி என்று அவர் எழுதுகிறார். ஹெஸ்ஸே என்பது ஜெர்மன் சிற்றரசு. அமெரிக்கர்களை அடக்குவதற்காக இங்கிலாந்து அரசர் ஜெர்மன் சிற்றரசர்களிடமிருந்து சுமார் 30,000 சிப்பாய்களை வாடகைக்கு எடுத்தார். அவர்களில் பாதிக்கு மேல் ஹெஸ்ஸியர்கள். கூலி அரசர்களுக்கு, சாவு சிப்பாய்களுக்கு. 1776 அக்டோபர் 28ஆம் தேதி, ஸ்லீப்பி ஹாலோவுக்குச் சில மைல் தள்ளியுள்ள ஒயிட் பிளெயின்ஸில் பெரிய சண்டை நடந்தது. அதை அடுத்த நாட்களில் ஒரு ஹெஸ்ஸியப் பீரங்கிச் சிப்பாயின் தலையைக் குண்டு கொண்டுபோனதாக அமெரிக்கத் தளபதி ஹீத் 1798இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். ஊரும் பேரும் தெரியாத அந்த வாடகைச் சிப்பாய்க்கு ஒரு கதாசிரியர் சாகாவரம் கொடுத்துவிட்டார்.

அந்த வரம் எவ்வளவு பலமுள்ளது என்பது 1996இல் தெரிந்தது. இந்த ஊரின் பெயர் அதுவரையில் நார்த் டாரிடவுன். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் கார்த் தொழிற்சாலை ஒன்று நதிக்கரையில் இருந்தது. ஊருக்குச் சோறு போட்டது அதுதான். 1996இல் அதை மூடிவிட்டார்கள். அதே வருஷக் கடைசியில் ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டு, ஊரின் பெயரை ஸ்லீப்பி ஹாலோ என்று மாற்றிக்கொண்டார்கள். தொழிற்சாலை போயிற்று, பேய் இருந்தது. யாரும் அவர்களைக் குறை சொல்ல முடியாது. கற்பனைச் சரக்கை நம்பிக் குடும்பம் நடத்துகிற நான் எப்படிச் சொல்வேன்?

ஆனால் அந்தப் பண்ணையின் பழைய கணக்கைப் புரட்டும்போது எனக்குச் சிரிப்பு நின்றுவிடுகிறது.

பிலிப்ஸ்பர்க் மேனரை ஸ்தாபித்தவர் பிரெடரிக் பிலிப்ஸ். ஹாலந்திலிருந்து தச்சராக வந்தவர். வியாபாரத்தில் உயர்ந்து, 1693இல் அரச சாசனம் பெற்று, சுமார் 52,000 ஏக்கருக்கு அதிபதியானார். அவர் செய்த வியாபாரங்களில் மனித வியாபாரமும் ஒன்று. நம்முடைய இந்துமகா சமுத்திரத்தில் இருக்கும் மடகாஸ்கர் தீவு வரையில் அவருடைய கப்பல்கள் அடிமைகளுக்காகப் போயின. பண்ணை நிலத்தைக் குடியானவர்கள் குத்தகைக்கு உழுதார்கள். மாவு ஆலையையும், பால் பண்ணையையும், படகுத் துறையையும் நடத்தியவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். முதலாளி பெரும்பாலும் நியூயார்க்கில் இருந்தார். அந்த ஆலையில் அரைத்த மாவு மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போயிற்று. அங்கேயும் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள்தான்.

பிரெடரிக்கின் மகன் அடால்ப் பிலிப்ஸ் 1750இல் இறந்தார். கல்யாணம் ஆகாதவர்; ஆகவே சொத்துக்கு ஒரு ஜாபிதா எடுத்தார்கள். மாடு, கன்று, தட்டுமுட்டுச் சாமான்கள் எழுதிய அந்த ஜாபிதாவிலேயே 23 மனிதர்களின் பெயர்களும் எழுதியிருக்கின்றன. ஆண்கள், பெண்கள், குழந்தைகள். மாவு அரைப்பதில் கைதேர்ந்த சீசர் அதில் இருக்கிறார். ஹட்ஸனில் படகு செலுத்திய டைமண்ட் இருக்கிறார். மாஸ்ஸி என்ற பெண் இருக்கிறாள். ஆலையும் துறையும் எப்படி ஓடுகின்றன என்பது முதலாளியைவிட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்த வருஷத்திலேயே அவர்களில் பலர் விற்கப்பட்டுத் திசைக்கு ஒருவராகப் போனார்கள்.

பாய்ந்து வந்து பயமுறுத்தும் வேஷக்காரர்கள் ஓடியாடின மண் இதுதான். கிழவனுக்கும் குழந்தைக்கும் மாட்டைப்போல விலை மதித்த இடத்தில், பயம் உண்டாக்குவதற்குச் சாயமும் முகமூடியும் தேவைப்பட்டிருக்கின்றன!

இர்விங்கின் கதையிலும் அவர்கள் வருகிறார்கள். விருந்துக்கு அழைப்புச் சொல்ல ஒரு கறுப்பர் குதிரைக் குட்டியின்மேல் வருகிறார். விருந்தில் பிடில் வாசிப்பவர் நரைத்த தலை கறுப்பர். ஜன்னலிலும் வாசலிலும் எட்டிப் பார்த்து மகிழும் முகங்களும் கறுப்பு முகங்கள்தான். சிரிப்புக்காக வந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒருவருக்கும் பெயர் இல்லை. கதை அச்சானது 1820இல். அடிமைத்தனத்தைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டத்தை நியூயார்க் மாகாணம் 1799இலேயே செய்திருந்தது. ஆனால் முழு விடுதலை வந்தது 1827 ஜூலை 4ஆம் தேதி. ஆகவே, கதையைப் படித்து நியூயார்க் சிரித்தபோது அந்த மாகாணத்தில் அடிமைகள் இன்னும் இருந்தார்கள். தலையில்லாதவனுக்குக் கதை கிடைத்தது. பெயரும் தலையும் உள்ள 23 பேருக்குக் கிடைத்தது ஜாபிதா.

இதற்காக விளக்குகளை அணைத்துவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. இந்த இடங்களைக் காப்பாற்றி வைத்திருப்பது ஒரு ஸ்தாபனம். 1951இல் ஜான் ராக்பெல்லர் ஜூனியர் ஏற்படுத்தியது; ஹிஸ்டாரிக் ஹட்ஸன் வேலி என்பது அதன் இப்போதைய பெயர். நெடுங்காலம் பிலிப்ஸ்பர்க் மேனரில் டச்சு முதலாளியின் நாற்காலியையும் பீங்கானையும்தான் காட்டி வந்தார்கள். சென்ற நூற்றாண்டின் கடைசியில்தான் கதையின் மையத்தை மாற்றி, சீசரும் டைமண்டும் நடத்திய பண்ணை என்று சொல்லத் தொடங்கினார்கள். 2019இல் வட மாகாணங்களில் இருந்த அடிமைத்தனத்தைப் பற்றி விரிவான ஒரு சரித்திரத் தொகுப்பையும் வெளியிட்டார்கள். அடிமைத்தனம் தெற்கில் மட்டும் இருந்தது என்று நம்பி வளர்ந்த ஜனங்களுக்கு அது பெரிய பாடம். பழைய கூரைகளை ஒழுகாமல் வைத்திருக்கவும், இந்தப் பாடத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லவும் பணம் வேண்டும். பூசணிக்காய் விளக்குகளின் டிக்கெட் காசு அதற்கு உதவுகிறது. பொய்ப் பேய் சம்பாதித்து மெய்ச் சரித்திரத்துக்குச் சோறு போடுகிறது என்று சொல்லலாம்.

ஆனால் சோறு போடுகிறவன் வீட்டில் அதிகாரம் செய்வது உலக வழக்கமல்லவா? இலையுதிர் காலத்து இரவில் விளக்குப் பார்க்க வரும் கூட்டம் மற்ற மாதங்களில் ஜாபிதாவைப் பார்க்க வருவதில்லை. பயத்தில் இரண்டு தினுசு உண்டு. ஒன்று தோலைச் சிலிர்க்க வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சூடாக ஏதாவது குடித்தவுடன் போய்விடும். மற்றொன்று, மனிதன் மனிதனுக்கு இப்படியும் செய்வானா என்று கேட்க வைக்கும். முதலாவதை விற்கலாம். இரண்டாவதை விற்க முடியாது. பொறுமையாக உட்கார வைத்துச் சொல்லத்தான் முடியும். விழா நடத்துகிறவர்கள் முதலாவதற்கு வந்தவர்களில் பத்துப் பேரையாவது இரண்டாவதன் வாசலுக்கு அழைத்துப் போனால், அந்த விளக்குகள் வீணாக எரியவில்லை என்று நான் ஒப்புக்கொள்வேன்.

இர்விங் 1859 நவம்பர் 28ஆம் தேதி காலமானார். டச்சுத் தேவாலயத்தை அடுத்துள்ள மயானத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. ஜனங்கள் தேடி வந்து பார்க்கிறார்கள். அவர் குறையில்லாமல் தம் தொழிலைச் செய்தார். தலையில்லாத ஒருவனை இருநூறு வருஷம் ஓட வைத்தார். ஆலையை ஓட்டின சீசருக்கு அப்படி ஒரு கதாசிரியர் அப்போது வாய்க்கவில்லை. அந்தக் கடன் எழுத்தாளர் சாதியின் பேரில் பாக்கி நிற்கிறது.